ஊமையன் வீழ்ச்சிக்கு ஆள் கூட்டிப்போனவள்

பிரியந்திக்கு உட்கார வராது. சிலருக்குப் பாட்டு வராது, சிலருக்குக் கணக்கு வராது, இவளுக்கு உட்கார வராது, அவ்வளவுதான். ஒத்தக்கல் தேயிலைத் தோட்டத்து மேல் டிவிசனில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். கல்யாண வீட்டில் பந்தியில் உட்கார வைத்தால் பாயாசம் வருவதற்குள் எழுந்து, வாளியைப் பிடுங்கிப் பரிமாறப் போய்விடுவாள். ஆடின காலும் பாடின வாயும் சும்மா இருக்காது என்பார்களே, இவள் பாடினதில்லை, ஆடினதுமில்லை, ஆனாலும் கால் சும்மா இருந்ததில்லை. புருஷன் இராமையா ஃபெக்டரியில் கொழுந்து வாட்டுகிற மாடியில் வேலை செய்கிறவன், நிதானமான ஆள். "தாலி கட்டுனதுக்குப் பதிலா இவ காலுக்கு ஒரு கயிறு கட்டியிருக்கணும்ங்க" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லுவான்.

கட்டியிருந்தாலும் அறுத்துக்கொண்டு போயிருப்பாள். பதினெட்டு வயதில் தோட்டத்தில் பேர் பதிந்தவள், இருபதில் கட்டுநாயக்க கார்மென்ட் ஃபெக்டரிக்குத் தைக்கப் போனாள். அங்கே பத்து மணி நேரம் ஒரே நாற்காலி. எட்டு மாதத்தில் ஓடி வந்தாள். பிறகு குவைத். ஆறாம் மாடி வீடு, வெளியே விடமாட்டார்கள். குசினிக்கும் பால்கனிக்கும் இடையில் இவள் நடந்த நடையைப் பார்த்து அந்த வீட்டுக்காரி பயந்து டொக்டரிடம் கூட்டிப் போனாளாம். கால் நன்றாகத்தான் இருக்கிறது என்றாராம் டொக்டர். இரண்டு வருடம் முடிந்த அன்றே பெட்டியைக் கட்டினாள். வந்து இராமையாவைக் கட்டினாள், ஒரு மகளைப் பெற்றாள், மறுபடி கூடையைத் தலையில் மாட்டினாள்.

அவள் கால் தானாகத் திரும்பிப் போகிற இடம் ஒன்றே ஒன்றுதான். தோட்டத்தில் தேயிலைக் காடு ஒவ்வொன்றையும் மலை என்று சொல்லி நம்பர் போட்டிருப்பார்கள். ஒன்பதாம் நம்பர் மலையின் அடியில் தேயிலை முடிந்ததும் தரை சட்டென்று பிளந்து ஒரு பள்ளத்தாக்கு இறங்கும். இரண்டு பக்கமும் பாறைச் சுவர், நடுவில் ஓடை. அந்த ஓடை மூன்று இடத்தில் விழுகிறது. கடைசி வீழ்ச்சிதான் பெரியது. அவ்வளவு தண்ணீர் விழுந்தும் மேலே தேயிலையில் நின்றால் சத்தம் கேட்காது, அதனால் அதற்கு ஊமையன் என்று பேர். ஒன்பதாம் நம்பரில் கொழுந்தெடுக்கிற நாட்களில் பிரியந்தி காலையிலேயே ஒரு பாறை இடுக்கு வழியாகக் கீழே இறங்கி ஊமையனை ஒரு தடவை பார்த்துவிட்டு ஏறி வருவாள். அங்கே நிற்கும்போது மட்டும் கால் அரிக்காது. ஏன் என்று அவளுக்கே தெரியாது. தண்ணீர் தனக்கும் சேர்த்து ஓடுகிறது என்று ஒரு நாள் இராமையாவிடம் சொன்னாள், அவன் இவள் நெற்றியில் கை வைத்துக் காய்ச்சலா என்று பார்த்தான்.

சரி, வேலை நேரத்தில் இப்படிப் போனால் பெரட்டில் மாட்டாளா என்று கேட்பீர்கள். பெரட்டு என்றால் காலையில் மலையோரத்தில் ஆட்களை நிறுத்தி, கங்காணி பேர் கூப்பிட்டுக் குறித்துக்கொள்வது. அழகுமுத்துக் கங்காணி கொப்பியைப் பார்த்தபடியே கூப்பிடுவார். கூப்பிட்டவள் "வந்தாச்சு" என்பாள். அவள் இன்னும் வந்து சேராவிட்டால் பக்கத்தில் நிற்கிறவள் "வந்தாச்சு" என்பாள். கங்காணி தலை நிமிர மாட்டார், அவருக்கும் தெரியும். பிள்ளைக்குக் காய்ச்சலாக இருக்கும், அடுப்பு பற்றியிருக்காது, பத்து நிமிடத்தில் ஓடி வந்துவிடுவாள். அதைப் பொய் என்று அந்த மலையில் யாரும் நினைத்ததில்லை. தோட்டத்து வரிசை வீடான லயத்தில் பக்கத்துக் காம்பராப் பிள்ளை பசித்து வந்து நின்றால் சோறு போட மாட்டோமா, அப்படித்தான். பிரியந்திக்காக வருடக்கணக்கில் "வந்தாச்சு" சொன்னவள் மீனம்மா. பிரியந்தியைவிடப் பதினைந்து வயது மூத்தவள், பக்கத்து நிரையில் கொழுந்தெடுப்பவள், வாய் கொஞ்சம் நீளம்.

மூன்று வருடத்துக்கு முன்னால் வனத்துறைக்காரர்கள் வந்து பள்ளத்தாக்கைச் சுற்றி வேலி அடித்தார்கள். மூன்று மொழியில் போர்ட், ஒரு கேட், ஒரு டிக்கட் கூண்டு. வனப் பூங்காவாம். பிரியந்திக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. தன் வீட்டுக்குள் போகத் தன்னிடமே டிக்கட் கேட்கிற மாதிரி இருந்தது அவளுக்கு. நோர்வூட்டில் ரப்பர் பூட்சும் மழைக்கோட்டும் விற்கிற ஹமீத் நானாதான் அவளை அடக்கினார். "சும்மா கத்தாதீங்க பிள்ள. அங்க வழிகாட்டிக்கு ஊர் ஆள் தேடுறாங்களாம். ஒங்களுக்குத் தெரியாத கல்லு ஒண்டு அங்க இருக்கா?" என்றார்.

கேட்டில் பொறுப்பாக இருந்தவர் நிமல்சிறி மாத்தயா, மாத்தயா என்றால் சிங்களத்தில் ஐயா. நல்ல மனிதர், ஆனால் சட்டம் என்றால் சட்டம். அவர் சிங்களத்தில் விளக்கினார். ஜனவரி தொடங்கி ஒரு வருடம் பரீட்சை. ஆட்களைக் கீழே கூட்டிப் போய்க் கூட்டி வர வேண்டும். ஒவ்வொரு நாளும் புத்தகத்தில் எத்தனை பேர் இறங்கினார்கள், எத்தனை பேர் ஏறினார்கள் என்று எழுதுவார். 'அசம்பாவிதம்' என்று ஒரு கட்டம் இருக்கிறது. அது வருடம் முழுக்க வெறுமையாக இருந்தால் வழிகாட்டி லைசன். ஒரு வரி விழுந்தாலும் பரீட்சை முடிந்தது.

அந்த லைசன் கிடைத்தால் காலம் பூராவும் நடக்கலாம், நடப்பதற்குச் சம்பளமும் உண்டு. தையல் நாற்காலி இல்லை, ஆறாம் மாடி இல்லை. நாற்பது வயதை நெருங்குகிற பிரியந்தி வாழ்க்கையில் முதல் தடவையாக ஒன்றை விரும்பினாள், அதுவும் வெறியோடு விரும்பினாள். தோட்டத்தில் பேரை வெட்டிக்கொண்டு வந்துவிட்டாள். இராமையா ஒரு வார்த்தை சொல்லவில்லை. மகள்தான், "ஒங்களுக்கு இப்பதாம்மா சரியான வேல" என்றாள்.

ஜனவரியில் தேயிலை மேல் காலைப் பனி உறைந்து கிடக்கும். ஓடையில் கூழாங்கல்லை எண்ணலாம், அவ்வளவு தெளிவு. சிவனொளிபாதமலை ஏறி இறங்கியவர்கள் கால் நடுங்க நடுங்க வருவார்கள். ஏறினது போதாதா, வீட்டில் போய்ப் படுங்களேன் என்றால் கேட்க மாட்டார்கள், வீழ்ச்சியும் பார்க்க வேண்டும். மார்ச் மாதம் ஊமையன் வற்றி நூலாகிவிட்டான். கொழும்பிலிருந்து வந்த ஒரு துரை, இதற்கா டிக்கட் என்று சத்தம் போட்டார். "சேர், இது பைப்புத் தண்ணி இல்ல, தொறந்துவிட. ஆனியில வாங்க, போதும் போதும்னு சொல்ற அளவுக்குக் காட்டுறேன்" என்றாள் பிரியந்தி. ஏப்ரலில் பாடசாலை லீவு, பிள்ளைகள் கூட்டம், பின்னேரம் இடி.

மே மாதம் தென்மேற்கு மழை இறங்கியது. அட்டைக்காகக் காலில் சவுக்காரத்தைத் தேய்த்துக்கொண்டு இறங்கினார்கள். ஊமையனுக்குப் போகிற வழியில் ஓடையை ஒரு தடவை கடக்க வேண்டும். அங்கே ஒரு கல்லில் வெள்ளைக் கோடு அடித்திருக்கிறது. தண்ணீர் அந்தக் கோட்டை மூடினால் யாரும் கடக்கக் கூடாது, வழிகாட்டியும் கூடாது, கேட்டுக்குச் சொல்லி அனுப்ப வேண்டும். ஆடியில் தண்ணீர் இறங்கவே இல்லை, தொடர்ந்து பத்தொன்பது நாள் பூங்காவைப் பூட்டினார்கள். அந்தப் பத்தொன்பது நாளும் பிரியந்தி வீட்டில் இருந்த இருப்பைக் கேட்கக் கூடாது. காம்பராவைக் கழுவினாள், கூரையேறித் தகரத்தை மாற்றினாள், தினமும் இரண்டு மைல் நடந்து கேட்டுக்குப் போய் இன்றைக்குத் திறப்பீர்களா என்று கேட்டாள். "வீட்டுக்குப் போ பிரியந்தி. உன் அவசரத்துக்குத் தண்ணீர் இறங்காது" என்றார் நிமல்சிறி. அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

இப்படி ஒன்பது மாதம் ஓடி, அக்டோபர் வந்தபோது அந்தக் கட்டம் சுத்தமாகத்தான் இருந்தது.

அப்போதுதான் மீனம்மா ஒரு யோசனை சொன்னாள். "எங்கெங்கேருந்தோ எவனெவனோ வந்து பாக்குறான். நாம தலமொற தலமொறயா அதுக்கு மேலயே கொழுந்தெடுக்குறோம், ஒருத்தியும் பாத்ததில்ல. பௌர்ணமி போயா லீவுக்கு எங்களக் கூட்டிட்டுப் போடி."

பழைய கூட்டம் பதினாலு பேர். ஹமீத் நானா ஒரே கட்டிலிருந்து எடுத்துக் கொடுத்ததால் பதினாலு பேருக்கும் ஒரே நீல மழைக்கோட்டு. பிரியந்திக்கு அன்றைக்குப் பெருமை தாங்கவில்லை. கூடையோடு நின்ற இடத்தில் கழுத்தில் விசிலோடு நின்றாள். முதல் வீழ்ச்சியில் பேச்சியம்மா வழுக்கி உட்கார்ந்தபடியே பத்தடி போனாள். மீனம்மாவோடு ஒரே லயத்தில் இருப்பவள், அவளுடைய நிழல் மாதிரி கூடவே திரிபவள் இந்தப் பேச்சியம்மா. "எறங்குறதுக்கு வழி கேட்டியே, இப்ப லேசா எறங்கிட்ட" என்று மீனம்மா சொல்ல, எல்லோரும் சிரித்த சிரிப்பில் குருவிகள் கிளம்பின.

ஓடையைக் கடந்து ஊமையனுக்கு வந்ததும் பேச்சு நின்றுவிட்டது. கீழே நின்றால் அவன் ஊமையில்லை, காது அடைத்துப் போகும். மீனம்மா அண்ணாந்து பார்த்து, கன்னத்தில் போட்டுக்கொண்டாள். பிறகு மடியை அவிழ்த்து ஒரு கட்டி சூடமும் தீப்பெட்டியும் எடுத்தாள்.

"அக்கா, இங்க நெருப்பு பத்த வைக்கக் கூடாது. போர்ட்ல போட்டிருக்கு."

"சாமிக்குச் சூடம் காட்டக் கூடாதுன்னு போர்ட்ல போட்டிருக்கா?"

"நெருப்புன்னா நெருப்புத்தான் அக்கா. மாத்தயா கண்டா என் லைசன் போயிரும்."

மீனம்மா முணுமுணுத்துக்கொண்டு சூடத்தை மடியில் வைத்தாள். ஒவ்வொரு மலைக்கும் ஒரு சாமி உண்டு, தேயிலைச் செடிக்குக் கவ்வாத்து வெட்டப் போனால்கூட முதலில் அதற்குச் சூடம் காட்டிவிட்டுத்தான் கத்தியை எடுப்பார்கள். முதல் தடவையாகக் கால் வைக்கிற இடத்தில் சும்மா வந்து சும்மா போவதா? அது பிரியந்திக்கும் புரிந்தது. ஆனால் லைசன் பெரியதாக இருந்தது.

இரண்டு மணிக்கு மிஸ்ட் இறங்கியது, பின்னாலேயே மழை. ஓடையில் தண்ணீர் வெள்ளைக் கோட்டுக்கு நாலு விரல் கீழே நின்றது. பிரியந்தி கரைக்குக் கரை கயிறு கட்டி, நடுத்தண்ணீரில் நின்று, மூன்று மூன்று பேராகக் கடத்தினாள். தலையை மூடிய நீலக் கோட்டுகள் மிஸ்டுக்குள்ளிருந்து வருவதும் மிஸ்டுக்குள் போவதுமாக இருந்தன. அவள் கண் அவர்கள் கால் மேல்தான் இருந்தது. இனி யாரும் இல்லை என்று கடைசியாகக் கடந்தவர்கள் சொன்னதும் கயிற்றை அவிழ்த்துக்கொண்டு இவளும் கரையேறினாள். ஏறி, முதுகைக் காட்டிக்கொண்டு கயிற்றைச் சுருட்டியபடி பேர் கூப்பிட்டாள். வெளியூர்க் கூட்டத்தைத் தலை தலையாக எண்ணுவாள். இது தன் ஆட்கள், வாய் தானாகப் பெரட்டுக்குப் போய்விட்டது.

"மீனம்மா."

"வந்தாச்சு."

பதினாலு பேர் கூப்பிட்டாள், பதினாலு "வந்தாச்சு" வந்தது. யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள், ஆனால் இந்தச் சறுக்கல் வேறு எந்த வழிகாட்டிக்கும் நேர்ந்திருக்காது. பெரட்டில் வளர்ந்தவளுக்குத்தான் நேரும். அந்தச் சொல்லை நம்பக் கூடாது என்று உலகத்தில் யாருக்காவது தெரியும் என்றால் அது பிரியந்திக்குத்தான் தெரியும்.

கால் மணி நேரம் ஏறினால் ஒரு கொட்டகை. ரொட்டியும் கட்டச்சம்பலும் பிரித்தார்கள். பேச்சியம்மா சாப்பிடவில்லை, கீழ்ப் பக்கத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"என்னா பேச்சியக்கா, ரொட்டி வேணாமா?"

பேச்சியம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "மீனம்மா ரெண்டு நிமிசத்துல வந்துருவேன்னாடி. சூடத்தக் காட்டிட்டு ஓடி வந்துருவேன், நீ கண்டா ஏசுவேன்னு பாறைக்குப் பின்னால நின்னா. நீ பேரு கூப்புட்ட. வந்தாச்சுன்னு என் வாயில வந்துருச்சு."

பிரியந்தி அவளை ஏசவில்லை. ஏச நேரமில்லை. ஓடைக்கு ஓடினாள். வெள்ளைக் கோடு தண்ணீருக்குள் போயிருந்தது. அக்கரை தெரியவில்லை, கத்தினால் தன் குரலே தனக்குக் கேட்கவில்லை. ஃபோனில் சிக்னல் இல்லை.

சட்டப்படி அவள் கூட்டத்தோடு கேட்டுக்கு ஏறிச் சொல்ல வேண்டும். ஏறிச் சொல்லி ஆள் இறங்கி வர ஒரு மணி நேரம். அதற்குள் ஊமையனடிப் பாறை தண்ணீருக்குள் போய்விடும், பத்து வருடமாகப் பார்த்தவள் அவள். இன்னொரு வழி இருந்தது. மேலே தேயிலைக்கு ஏறி, லொறிப் பாலத்தால் ஓடையைத் தாண்டி, ஒன்பதாம் நம்பர் மலையிலிருந்து அந்தப் பாறை இடுக்கால் இறங்குவது. கூட்டத்தை விட்டுப் போகிற வழிகாட்டிக்கு லைசன் கிடையாது. ஒரு நொடி அவள் லைசனை நினைத்தாள். மறைப்பதற்கு என்ன இருக்கிறது, நினைத்தாள்தான். பிறகு கொட்டகைக்கு ஏறி வந்து கயிற்றுச் சுருளைத் தோளில் போட்டாள்.

"நேரா கேட்டுக்குப் போங்க. மாத்தயாகிட்ட ஒண்ணு விடாம சொல்லுங்க. பெரிய கயிறோட ஓடைக்கு ஆள் அனுப்பச் சொல்லுங்க. நான் ஒன்பதாம் நம்பர் வழியா எறங்குறேன். வெளங்குதா பேச்சியக்கா?"

"வெளங்குது. நீ போ."

எத்தனையோ இடத்திலிருந்து ஓடி வந்தவள் அவள். ஒன்றைத் தேடித் திரும்பி ஓடியது அன்றைக்குத்தான். தேயிலைச் செடி தொடையைக் கிழித்தது. பாலத்தில் விழுந்து எழுந்தாள். இந்த வழி தெரிந்துகொள்ள எத்தனை நாள் எனக்காகப் பேர் கொடுத்தாள் அந்த மனுஷி என்று நினைத்துக்கொண்டே ஓடினாள். முக்கால் மணி நேரத்தில் இடுக்கின் வாயில் நின்றாள். அங்கே இருந்த பெரிய மரத்தில் கயிற்றைக் கட்டி, பிடித்துக்கொண்டு கால் மணி நேரம் இறங்கினாள்.

மீனம்மா இருந்தாள். பாறையின் உச்சியில் ஒரு வேரைப் பிடித்தபடி, முழங்கால் வரை தண்ணீரில் நின்றாள். முகம் வெள்ளைத் தாளாக இருந்தது, வாய் மட்டும் மாறவில்லை. "இவ்வளவு நேரம் எங்கடி போன? சூடம் நனைஞ்சே போச்சு."

"பேசாதீங்க அக்கா. கயித்த இடுப்புல கட்டுங்க."

கட்டினாள். பிரியந்தி முதலில் அவளை மேலே தள்ளினாள். தள்ளிய உந்தில் இவள் நின்ற கல் பெயர்ந்தது. ஒரு முழங்கை பாறையில், மற்றதெல்லாம் தண்ணீரில். ஓடை வலது காலைப் பிடித்து இழுத்தது, பூட்ஸ் கழன்று போனது. அப்போது அக்கரையைப் பார்த்தாள். மிஸ்ட் விலகியிருந்தது. கயிறோடு இந்நேரம் ஆள் நிற்க வேண்டும். நேரக் கணக்கு அவளுக்குத் தெரியும், கட்டாயம் வந்திருக்க வேண்டும். ஒருவரும் இல்லை. செத்தேன் என்று நினைத்தாள். மேலேயிருந்து மீனம்மா அவள் தலைமயிரைக் கொத்தாகப் பிடித்து இழுத்தாள். எப்படி ஏறினார்கள் என்று இரண்டு பேருக்கும் இன்றைக்கும் சரியாகச் சொல்லத் தெரியாது.

தோட்டத்து ரோட்டால் சுற்றிக்கொண்டு கேட்டுக்கு வந்தபோது ஐந்தரை மணி. கூட்டம் கூடியிருக்கும், இராமையா ஓடி வந்திருப்பான், பொலிஸ் வந்திருக்கும் என்று பயந்துகொண்டே வந்தாள் பிரியந்தி. அங்கே பதின்மூன்று பேரும் கூரைக்குக் கீழே நின்று கடலை தின்றுகொண்டிருந்தார்கள். நிமல்சிறி புத்தகத்தை மூடிக் கையெழுத்துப் பேனாவைச் சட்டையில் குத்திக்கொண்டிருந்தார்.

"வந்துவிட்டாயா பிரியந்தி. இந்த அம்மாவுக்கு வயிறு எப்படி இருக்கிறது?" என்றார்.

பிரியந்திக்கு ஒன்றும் விளங்கவில்லை. பேச்சியம்மா கண்ணைச் சிமிட்டினாள். மீனம்மாவுக்கு வயிற்றுவலி, பிரியந்தி அவளைக் குறுக்கு வழியால் வீட்டுக்குக் கொண்டுபோனாள் என்று பதின்மூன்று பேரும் ஒரே வாயாகச் சொல்லியிருக்கிறார்கள். பதினாலு இறங்கியது, பதினாலு ஏறியது என்று புத்தகத்தில் விழுந்தாயிற்று.

"ஒன்பது மாதம், ஒரு வரி இல்லை. இந்தக் கிழமை உன் பேரை மேலே அனுப்புகிறேன். ஜனவரியில் லைசன்" என்றார் நிமல்சிறி. அவருக்கு உண்மையாகவே சந்தோஷம். பிறகு கீழே பார்த்தார். "ஒரு பூட்ஸ் எங்கே?"

"சேத்துல பொதஞ்சிருச்சு மாத்தயா" என்றாள் பேச்சியம்மா, பிரியந்தி வாயைத் திறப்பதற்கு முன்னால்.

மீனம்மா பிரியந்தியின் கையைக் கிள்ளினாள். பேசாதே என்று அர்த்தம். பேசாமல் இருந்தால் போதும். பொய்கூடச் சொல்ல வேண்டாம், சும்மா நின்றால் போதும். அவள் கேட்ட ஒரே ஒரு பொருள் இதோ கையில் வந்து விழுகிறது.

சும்மா நிற்கத்தான் அவளுக்கு வரவில்லை.

"கயிறு கேட்டேனே பேச்சியக்கா" என்றாள். "ஆள் அனுப்பச் சொன்னேனே."

"ஒன் லைசனுக்காகத்தாண்டி. நீ எப்படியும் கொண்டாந்துருவேன்னு தெரியும்."

"நான் அங்க தொங்கினேன் அக்கா. தொங்கிக்கிட்டு அக்கரையப் பாத்தேன். யாருமே இல்ல. ரெண்டு பேரும் செத்திருந்தாலும் புத்தகத்துல பதினாலு பேரும் வந்தாச்சு."

பிரியந்தி நிமல்சிறியிடம் திரும்பி, புத்தகத்தைத் திறக்கச் சொன்னாள். சிங்களத்தில், ஒன்று விடாமல், சூடத்திலிருந்து பூட்ஸ் வரை சொன்னாள். அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். முடிவில், "ஏன் சொன்னாய்? எனக்குத் தெரிந்தே இருக்காதே" என்றார்.

"தெரியாம இருந்தா நாளைக்கும் பேரத்தான் கூப்புடுவாங்க மாத்தயா. பேரு யாரு வாயிலேருந்தும் வரும். ஆளத் தொட்டு எண்ணச் சொல்லுங்க. இனி வாற வழிகாட்டிக்கு அத எழுதி வைங்க."

நிமல்சிறி சட்டையிலிருந்து பேனாவை எடுத்தார். பிறகு கட்டத்தில் எழுதினார். அந்தச் சின்னக் கட்டம் போதாமல் பக்கத்து வெற்றிடத்திலும் எழுதினார். பரீட்சை முடிந்தது. விசிலைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, ஒற்றைப் பூட்சோடு வீட்டுக்கு நடந்தாள். வழி முழுக்க அழுதாள். நல்லது செய்தோம் என்ற நிம்மதியெல்லாம் வரவில்லை. வயிற்றெரிச்சல்தான் வந்தது. பொழைக்கத் தெரியாதவள் என்று லயத்தில் பேசினார்கள். சரி விடு என்று இராமையா சொன்னதற்கு அவன் மேல் பாய்ந்தாள். பேச்சியம்மா அன்றோடு அவளிடம் பேச்சை நிறுத்தினாள். பதின்மூன்று பேர் முன்னால் தன்னை வெட்கப்படுத்திவிட்டாளாம்.

டிசம்பரில் பிரியந்தி மறுபடி தோட்டத்தில் பேர் பதிந்தாள். ஜனவரியில் கேட்டுக்குப் புது வழிகாட்டி வந்தான், நோர்வூட்டுப் பையன் கிஷாந்த். அந்த மாதம் அவர்களுக்கு ஒன்பதாம் நம்பரில் கொழுந்து. மேல் நிரையிலிருந்து பார்த்தால் பள்ளத்தாக்கின் இடுக்கில் ஓடை கடக்கிற இடம் உள்ளங்கை அளவுக்குத் தெரியும். காலையில் ஒரு கூட்டம் ஊமையனுக்குப் போவதைப் பிரியந்தி கண்டாள். சிவப்பும் மஞ்சளுமாகக் கோட்டு போட்டவர்கள், பன்னிரண்டு பேர். எண்ண வேண்டும் என்று எண்ணவில்லை, கண் தானாக எண்ணியது.

பதினொரு மணிக்கு அவர்கள் திரும்பினார்கள். பிரியந்தியின் கை செடி மேல் நின்றது. கிஷாந்த் கரையில் நின்று, ஏறி வருகிற ஒவ்வொருவரின் தோளையும் தொட்டுத் தொட்டு விட்டான். எட்டு. ஒன்பது. பத்து. பதினொன்று. பிறகு யாரும் வரவில்லை.

"என்னா பிரியந்தி, கை நிக்குது?" என்றார் அழகுமுத்துக் கங்காணி.

"பன்னெண்டு பேர் போனாங்க" என்றாள்.

கங்காணியும் கொப்பியை மடித்துவிட்டு அந்தப் பக்கம் பார்த்தார். நிரை முழுக்க நின்றுபோயிருந்தது. மீனம்மா கூடையைச் சாய்த்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள். கிஷாந்த் கயிற்றை அவிழ்க்கவில்லை, அக்கரையைப் பார்த்துக்கொண்டே நின்றான். பாறைக்குப் பின்னாலிருந்து ஒரு மஞ்சள் கோட்டு வந்தது, தண்ணீரில் இறங்கியது, கயிற்றைப் பிடித்துக்கொண்டு மெல்ல மெல்லக் கடந்தது. கிஷாந்த் கையை நீட்டி அந்தத் தோளைத் தொட்டான்.

"பன்னெண்டு" என்று ஒரு குரல் கேட்டது. பிரியந்தி சொல்லவில்லை. மூன்று மாதமாக அவளோடு பேசாத பேச்சியம்மா, இரண்டு நிரை தள்ளி நின்று, அவளைப் பார்த்துத்தான் சொன்னாள்.